மழை விட்ட பிறகும் நிற்கும் தண்ணீர்

சென்னையில் ஆகஸ்ட் மாதச் சாயங்கால மழையைக் கவனித்திருப்பீர்கள். இடியோடு ஒரு மணி நேரம் கொட்டும். கொல்லைப்புறத்தில் தண்ணீர் தளும்பும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தரை ஈரமாக இருக்கும், தண்ணீர் இருக்காது. அதே கொல்லையில் அதே அளவு மழை தீபாவளி கழிந்து பெய்தால் ஒரு வாரம் ஆனாலும் வற்றாது. பாசி பிடிக்கும், கொசு வரும், சுவரடியில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரியும். மண் அதே மண்தான். ஆகஸ்டில் குடித்த மண் நவம்பரில் ஏன் குடிக்க மறுக்கிறது?

"பூமி நெறைஞ்சு போச்சு, அதான்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அது பாதி சரி. சில இடங்களில் நிஜமாகவே நிறைந்துதான் போகிறது. அதற்குப் பிறகு வருவோம். ஆனால் களிமண் மனைகளில், மேலே தண்ணீர் நிற்கும்போதே பக்கத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்தால் இரண்டடிக்குக் கீழே மண் கெட்டியாக, வெறும் ஈரப்பதத்தோடு வருவதும் உண்டு. கீழே இடம் இருக்கிறது, மேலே தண்ணீர் காத்திருக்கிறது. நடுவில் எது தடுக்கிறது?

மண்ணுக்குள் இருக்கும் காலி இடம்

ஒரு படி மண்ணில் பாதிக்குப் பாதி மண்ணே கிடையாது. துகள்களுக்கு இடையே காற்றும் தண்ணீரும் புகுந்துகொள்ளும் சந்துகள் இருக்கின்றன. இவற்றைப் புழை என்று வைத்துக்கொள்வோம். மணலில் புழைகளின் பங்கு காலிலிருந்து ஐந்தில் இரண்டு வரை. களிமண்ணில் அது பாதியைக்கூடத் தொடும். அதாவது, தண்ணீரை வைத்துக்கொள்ள மணலைவிடக் களிமண்ணில்தான் இடம் அதிகம்.

ஆனால் மொத்த இடம் வேறு, ஒவ்வொரு சந்தின் அகலம் வேறு. கண்ணுக்குத் தெரியும் மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை போகும். களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. துகள் சிறுத்தால் சந்தும் சிறுக்கும். சந்து சிறுத்தால் தண்ணீர் இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டுதான் நகர வேண்டும். துகளின் அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நீரோட்டம் பத்தில் ஒன்றாகக் குறைவதில்லை, ஏறத்தாழ நூற்றில் ஒன்றாகக் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. களித்துகள்கள் உருண்டையாக இல்லாமல் தகடு தகடாக இருப்பவை. வீங்கும் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் இருக்கும். அதில் ஒரு கிராமை எடுத்து, அதன் தகடுகள் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்ப முடிந்தால் 700 சதுர மீட்டர் அளவுக்கு வரும். நம் கணக்கில் மூன்று கிரவுண்டு! அத்தனை பரப்பிலும் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது.

வெடிப்பும் வீக்கமும்

இந்தத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் களிமண் வீங்கும், போனால் சுருங்கும். மே மாதத்தில் களிமண் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பது அதனால்தான். விரல் நுழையும் வெடிப்புகள் அடி ஆழத்துக்கும் கீழே இறங்கும். ஆகஸ்ட் மழையை விழுங்கியது இந்த வெடிப்புகள்தான், களிமண்ணின் புழைகள் அல்ல. மழை தொடரத் தொடர மண் ஊறி வீங்குகிறது, வெடிப்புகள் வாயை மூடிக்கொள்கின்றன. அப்புறம் நுண்ணிய புழைகள் மட்டும்தான் மிச்சம். நவம்பரில் தெரிவதுதான் அந்த மண்ணின் உண்மையான வேகம்.

ஆகஸ்டில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் "தண்ணி நல்லா இறங்குதே சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சோதனை செய்ய அது சரியான மாதம் இல்லை.

வேகத்தை அளக்க வேண்டுமானால் ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். வெடிப்புகள் மூட இந்த முதல் ஊற்றல் அவசியம். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு ஸ்கேலைச் செருகி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் கவலை இல்லை. சில மில்லிமீட்டர்தான் இறங்கியது என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்காகத்தான். குழியில் பக்கவாட்டிலும் தண்ணீர் கசியும் என்பதால் திறந்த தரையின் வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

திஜோனில் ஒரு மணல் தூண்

பிரான்சின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் பொறியாளர் ஆன்றி டார்சி. சுமார் 12 கிலோமீட்டர் தூரத்து ஊற்றிலிருந்து, பம்பு இல்லாமல் வெறும் வாட்டத்திலேயே தண்ணீரை ஊருக்குள் ஓடவிட்டவர் அவர். பிற்காலத்தில், மணல் வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாக வடியும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஆள் உயரத்தை மிஞ்சிய ஓர் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, மேலே தண்ணீர் விட்டு, கீழே வருவதை அளந்தார். முடிவுகளை 1856-இல் திஜோன் நகரக் குடிநீர் பற்றிய தன் நூலில் வெளியிட்டார்.

அவர் கண்டது எளிமையானது. மேலுக்கும் கீழுக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கிறது. கடக்க வேண்டிய மண்ணின் நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகிறது. மிச்சமெல்லாம் எந்த மண் என்பதைப் பொறுத்தது.

கொல்லையில் நிற்கும் தண்ணீருக்கு இதை வைத்துப் பாருங்கள். மண்ணை மாற்ற முடியாது. நீர்மட்ட வித்தியாசத்தைக் கூட்டலாம், அதாவது தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைத் தாழ்த்தலாம். மண்ணுக்குள் தண்ணீர் நடக்கும் தூரத்தைக் குறைக்கலாம். மூன்றாவதாக, பெரும்பாலோர் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பாமலே, மேலேயே ஓடவிட்டு வெளியேற்றிவிடலாம். களிமண் மனையில் முதலில் செய்ய வேண்டியது இந்த மூன்றாவதுதான் என்பது என் கட்சி. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு கிரவுண்டில் ஒரு கணக்கு

விருகம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அடிக்கு 60 அடி, 2,400 சதுர அடி. அதில் 1,200 சதுர அடி வீடு. முன்புறமும் பக்கச் சந்துகளும் சிமென்ட் தளம், 800 சதுர அடி. அவற்றின் தண்ணீர் தெருவுக்குப் போய்விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் 10 அடி அகலம், 40 அடி நீளத்துக்கு மண் தரை, 400 சதுர அடி. ஒரு பப்பாளி, ஒரு செம்பருத்தி, துணி துவைக்கும் கல்.

ஒரு ராத்திரியில் 10 சென்டிமீட்டர் மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கொல்லையில் நேரடியாக விழுந்தது 10 சென்டிமீட்டர். சுமார் 3,700 லிட்டர். இனி மொட்டை மாடிக் குழாயைப் பாருங்கள். கட்டும்போது வசதியைப் பார்த்து அதைப் பின்பக்கம் இறக்கியிருக்கிறார்கள். மாடியின் 1,200 சதுர அடியில் விழுந்த 11,100 லிட்டரும் அந்த ஒரே குழாய் வழியாகக் கொல்லைக்குத்தான் வருகிறது. மாடி கொல்லையைப்போல மூன்று மடங்கு. ஆக, ஊரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்தக் கொல்லையில் பெய்வது 40 சென்டிமீட்டர்.

ஊறிய களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான் உறிஞ்சும். நம் மனைக்கு 2 மில்லிமீட்டர் என்று வைப்போம். 400 மில்லிமீட்டர் தண்ணீர் இறங்க 200 மணி நேரம், எட்டு நாளுக்கு மேல். வெயில் உதவும் என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் நாளொன்றுக்கு ஆவியாவது சில மில்லிமீட்டர்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இப்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மாடிக் குழாயைத் திருப்பி, சம்ப்புக்கோ மழைநீர்க் கிணற்றுக்கோ விட்டு, வழியும் மிச்சத்தைத் தெரு வடிகாலில் சேருங்கள். கொல்லையில் அதன் சொந்த மழை 100 மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சும். அது இறங்க 50 மணி நேரம். எட்டு நாள், இரண்டு நாளாகிவிட்டது. மண்ணை ஒரு கைப்பிடிகூடத் தொடவில்லை. செலவு பத்திருபது அடி பிவிசி குழாயும் இரண்டு எல்போவும்.

பெசன்ட் நகர் மணல் மனையில் இதே குழாய் இதே கொல்லையில் இறங்கியிருந்தால்? மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்கும். முழு 40 சென்டிமீட்டரும் பதின்மூன்று மணி நேரத்தில் காலி. அங்கே குடியிருக்கும் இயற்பியலாளர் சேகர் ராகவன் 1990-களில் வீடு வீடாகப் போய் மழைநீரை மண்ணுக்குள் விடச் சொன்னார். அந்த மணலுக்கு அது அருமையான யோசனை. 2003-இல் தமிழகம் முழுக்க மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது, களிமண் பகுதிகளிலும் பலர் அதே மாதிரி மூன்றடிக் குழி வெட்டி ஜல்லி போட்டு முடித்துவிட்டார்கள். களிமண்ணில் குழி வெட்டுவதானால் களி அடுக்கையே தாண்டி, கீழே மணற்பாங்கான அடுக்கைத் தொட வேண்டும். மூன்றடி விட்டத்தில் உறை இறக்கி 15 அடி போனால் கிணறு 3,000 லிட்டர் பிடிக்கும். அடியில் மணல் கிடைத்தால் பிடித்துக்கொண்டே இருக்கும்.

வாட்டம்

மிச்ச இரண்டு நாள் தண்ணீரை என்ன செய்வது? இங்கேதான் கொத்தனார்கள் வாயில் தினமும் புழங்கும் வாட்டம் வருகிறது. வீட்டுச் சுவரிலிருந்து முதல் பத்தடிக்கு அரையடி சரிவு வேண்டும் என்பது பல நாடுகளில் கட்டடக்காரர்கள் பின்பற்றும் அளவு. நம் கொல்லையும் சரியாகப் பத்தடி அகலம். சுவரோரம் அரையடி உயர்த்தி, காம்பவுண்டு சுவரோரம் பூஜ்ஜியமாகச் சரித்தால் தேவைப்படும் மண் 100 கன அடி. லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட். கொட்டிய மண் அமுங்கும், கால் யூனிட் கூடவே சொல்லி வையுங்கள்.

எந்த மண்? "மணல் போட்டா தண்ணி இழுத்துக்கும்" என்று சொல்வார்கள். வேண்டாம். மேலே மணல், கீழே களி என்றால் தண்ணீர் மணலுக்குள் சுலபமாக இறங்கி, களிமேல் தங்கி, அஸ்திவாரத்தை ஒட்டியே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். சுவரோரம் சற்றே களிப்பான மண்ணைப் போட்டுத் திமிசு கட்டையால் இடித்து, தண்ணீர் மேலே வழுக்கிப் போகச் செய்வதே சரி. மண்ணின் மட்டம் வீட்டு பேஸ்மென்ட்டின் மேல்மட்டத்துக்கு அரையடி கீழேயே நிற்கட்டும், இல்லாவிட்டால் ஓதம் சுவரேறும்.

காம்பவுண்டு ஓரமாக வரும் தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுபோக ஒரு சிறு வாய்க்கால். பின்சுவர் நெடுக 40 அடி, பக்கச் சந்தில் 60 அடி, மொத்தம் 100 அடி. நூற்றுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்தால் தொடங்கும் மூலைக்கும் தெருமுனைக்கும் ஓரடி வித்தியாசம் வேண்டும்.

அந்த ஓரடி உங்கள் மனையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஒளி ஊடுருவும் ட்யூப் ஒன்று வாங்கித் தண்ணீர் நிரப்புங்கள். கொத்தனார் இதை டியூப் லெவல் என்பார். ஒரு முனையைப் பின்மூலையில் ஒருவர் பிடிக்க, மறுமுனையைத் தெருவோரம் இன்னொருவர் பிடிக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நடக்கும்போது இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள். நின்றபின் விரலை எடுத்தால் தண்ணீர் ஏறி இறங்கி ஆடும், அடங்கும்வரை பொறுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒரே மட்டம். பென்சிலால் குறித்து, அங்கிருந்து தரைக்கு டேப் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். ட்யூபுக்குள் எங்காவது ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அளவு முழுக்கத் தப்பு. அதை முதலில் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும்.

வாட்டம் எந்தத் திசைக்கு என்பதில் நம்மூரில் ஒரு சங்கடம். தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் ஓட வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிடுவார். தெரு வடகிழக்கில் இருந்தால் சண்டையே இல்லை. தெரு தெற்கில் இருந்து, ஈசானியம் பின்மூலையாக அமைந்துவிட்டால், மனைத் தண்ணீர் எல்லாம் வெளியேற வழியில்லாத மூலைக்கு ஓடிப்போய் நிற்கும். டார்சியின் விதிக்குத் திசை தெரியாது, உயரம் மட்டும்தான் தெரியும்.

ஜல்லி போட்டால் தீருமா?

தண்ணீர் நிற்கிறது என்றதும் எல்லோரும் சொல்லும் வைத்தியம் பள்ளம் வெட்டி ஜல்லி போடுவது. நம் கொல்லை நெடுக இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் 40 அடிக்கு வெட்டி, முக்கால் ஜல்லி நிரப்புவோம். பள்ளத்தின் கொள்ளளவு 4,500 லிட்டர். ஜல்லிக்கு இடையே உள்ள காலி இடம் ஐந்தில் இரண்டு பங்கு. ஆக 1,800 லிட்டர். கொல்லையின் சொந்த மழையே 3,700. பாதிக்குக்கூடப் பற்றாது. சுற்றிலும் களிமண் என்பதால் போன தண்ணீர் வெளியே போகவும் வழியில்லை. அடுத்த நாள் மழைக்கு அந்தப் பள்ளம் ஏற்கெனவே நிறைந்த தொட்டி.

ஜல்லிமேல் மண் போட்டு மூடினால் நிலைமை இன்னும் மோசம். மெல்லிய சந்துகள் தண்ணீரைத் தம்மிடம் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இதை நுண்புழை ஈர்ப்பு என்பார்கள், சுவரில் ஓதம் ஏறுவதும் இதனால்தான். மேல்மண்ணில் பிடிபட்ட தண்ணீர், கீழே ஜல்லியின் பெரிய சந்து இருக்கிறதே என்று தானாகக் குதிக்காது. மேல்மண் முழுக்கச் சொதசொதவென்று ஊறிய பிறகுதான் சொட்டும். பூந்தொட்டியின் அடியில் கூழாங்கல் போடுகிறோமே, அங்கேயும் இதே கதைதான். வடிவதற்குப் பதில் ஈரம் சற்று மேலே ஏறி நிற்கிறது.

ஜல்லிப் பள்ளம் வேலை செய்ய ஒரே நிபந்தனை, அதற்கு ஒரு வெளிவாய் வேண்டும். அடியில் துளையிட்ட குழாய், அதற்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம், சுற்றிலும் வண்டல் புகாமல் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, கடைசியில் குழாய் திறக்க ஒரு தாழ்ந்த இடம். இந்த முறையை அமெரிக்காவில் பரப்பியவர் ஹென்றி பிரெஞ்ச் என்ற மாசசூசெட்ஸ் வழக்கறிஞர். பண்ணை வடிகால் பற்றி 1859-இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அது பிரெஞ்ச் வடிகால் என்றே ஆனது. வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் பெரிய லிங்கன் சிலையை வடிவமைத்தவர் அவருடைய மகன்தான்.

நம் மனையில் இரண்டடி ஆழத்தில் தொடங்கி 100 அடி போகும் குழாய் தெருவில் திறக்க, பின்மூலைத் தரையைவிட மூன்றடி தாழ்ந்த வடிகால் வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்திய தெருக்களில் அது பெரும்பாலும் கிடைக்காது. மேலோட்டமான வாய்க்காலுக்கு ஓரடி போதும். அதனால்தான் முதலில் குழாய், அடுத்து வாட்டம், கடைசியில் ஜல்லி என்று வரிசை வைக்கிறேன்.

கீழிருந்து வரும் தண்ணீர்

இதுவரை சொன்னதெல்லாம் மேலிருந்து வரும் தண்ணீருக்கு. பெரியவர்கள் சொன்ன மற்றப் பாதி இப்போது. ஏரியை ஒட்டிய, தாழ்வான பகுதிகளில் மழைக்காலக் கடைசியில் நிலத்தடி நீர்மட்டமே தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம். மழை விட்ட ஒரு நாள் பொறுத்து, தண்ணீர் நிற்காத மேடான இடத்தில் இரண்டடிக் குழி வெட்டி, வெளித்தண்ணீர் விழாமல் தகரத்தால் மூடி வையுங்கள். காலையில் குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றால் அது கீழிருந்து வந்தது. அங்கே உறிஞ்சு குழி, மழைநீர்க் கிணறு எதுவும் அந்த வாரங்களில் உதவாது. அவையும் நிறைந்துதான் கிடக்கும். மணல் மனையானாலும் இதுதான் நிலைமை.

அந்த மனைக்கு உள்ள வழி, கொல்லையின் தாழ்ந்த முனையில் ஓர் உறைக்குழி இறக்கி, மிதவை சுவிட்ச் வைத்த சிறு மோட்டாரால் இறைத்துத் தெரு வடிகாலில் விடுவது. மின்சாரம் போகும் ராத்திரியில்தான் மழையும் அதிகம் பெய்யும் என்பதால் இன்வெர்ட்டர் இணைப்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். லாரி லாரியாக மண்ணடித்து மனையை உயர்த்துவது இன்னொரு வழி. உங்களுக்குத் தீரும். தண்ணீர் அடுத்த மனைக்குப் போகும், அவரும் ஒருநாள் மண்ணடிப்பார்.

பப்பாளி விஷயம் பாக்கி இருக்கிறது. மண்ணின் புழைகள் தண்ணீரால் நிறைந்தால் வேருக்குக் காற்று போகாது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. பப்பாளி வேர் இரண்டு நாள் மூச்சுமுட்டினாலே மரம் சாய்ந்துவிடும். குழாயைத் திருப்பி, வாட்டம் கொடுத்த பிறகும் காம்பவுண்டு ஓரத்து இரண்டடிப் பட்டை ஈரமாகவே இருக்கும். அங்கே கல்வாழையும் சேம்பும் வையுங்கள், அவை நிற்கும் தண்ணீரைப் பொருட்படுத்தா. பப்பாளிக் கன்றைச் சுவர்ப்பக்கம் உயர்ந்த இடத்தில், இன்னும் ஓரடி மேடு கட்டி நடலாம். வெட்டிவேர் கிடைத்தால் நடுப்பகுதியில் ஒரு வரிசை வைக்கலாம். அதன் வேர் மூன்று மீட்டர் வரை செங்குத்தாக இறங்கும், பழைய வேர் மட்கிப்போன தடங்களில் களிமண்ணுக்குள்ளும் தண்ணீருக்குக் கொஞ்சம் வழி திறக்கும். அதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும்.